ஏழு மில்லிமீட்டர்

அச்சடித்த பதிவேடு தீர்ந்து
நாற்பது நாளாயிற்று.
கேட்டு எழுதினேன், பதிலில்லை.
நேரிலேயே இராமநாதபுரம் போனேன், இரண்டு தடவை.
இரண்டாம் தடவை வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல்
அரண்மனைப் பக்கத்துக் கடையில்
இந்த உருட்டு ஸ்கேலை வாங்கினேன்.
நூற்றுப் பத்து ரூபாய். என் காசு.

அதன் வயிற்றில் ஒரு வெள்ளை உருளை.
உருளையின் இரு முனையிலும் பொடி எண்கள்.
அழுத்தாமல் தள்ளினால்
ஏழு வரும்போது நிறுத்தலாம்.
ஒரு கோடு. உருட்டு. ஏழு. ஒரு கோடு.
பக்கத்துக்கு முப்பத்தாறு கோடு,
நடுவே முப்பத்தைந்து படகு.

தலைமை எழுத்தருக்கு ரூல்தடி போதும்.
அதை வைத்துக் கோடும் போடுவார்,
காரலுக்கு மோப்பம் பிடித்து வரும் நாயையும் விரட்டுவார்.
“இது பிள்ளைகள் விளையாட்டுச் சாமான்மா” என்றார்.

மூன்றாம் வாரமே உருளை விக்க ஆரம்பித்தது.
மண்டபத்து உப்பு எதை விட்டது?
ஒரு முனை நகர, மறுமுனை நிற்க,
கோடு கச்சான் அடித்தது போலச் சாய்ந்தது.
தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டேன்.
உருளை ஓடியது,
தாள் நெடுக எண்ணெய்த் தடம் இழுத்துக்கொண்டு.
பேனா அந்தத் தடத்தில் வழுக்கும்.
பாதிப் படகுகளுக்குப் பாதி எண்தான்.

திங்கள், புதன், சனி.
விடியுமுன்னே டோக்கனுக்கு நிற்பார்கள்.
படகு, டிரைவர், ஆள், டீசல், போன நேரம்.
வந்த நேரம் மட்டும் வெறுங்கட்டம்.
அதை மறுநாள் நிரப்பும் வரை
எனக்குச் சோறு ஒழுங்காய் இறங்காது,
யாரிடமும் சொன்னதில்லை.

பலகை பெயர்ந்த சீனி இபுராகிம் படகுக்கும் ஏழு,
சவேரியாரடிமை போன மாதம் இறக்கிய புதுப்படகுக்கும் ஏழு.
இதுதான் நியாயம் என்று
ஒருநாள் பெருமையாய் நினைத்தேன்.
கோடு போடுகிறவளுக்கு
அதுகூடக் கிடைக்காவிட்டால் எப்படி?

கடலிலும் ஒரு கோடு இருக்கிறதாம்.
எந்த மேசையில், எந்த ஸ்கேலால் போட்டதோ.
“கிட்டப் போனா கோடு இல்ல மேடம், தண்ணிதான்.
தள்ளி இருந்து பாக்குறவுகளுக்குத்தான் கோடு.”
சொன்னது நம்புச்செல்வம்,
டோக்கனைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு.

அந்தப் புதன்கிழமைப் பக்கத்தில்
வியாழன் பொழுது சாய்வதற்குள்
முப்பத்துநாலு கட்டம் நிரம்பிவிட்டது.
பத்தொன்பது வெறுமை.
டிரைவர் நம்புச்செல்வம். ஆள் நாலு.

வெள்ளிக்கிழமை பூமயில் வந்தாள், அவன் பெண்சாதி.
மனுவில் கைநாட்டு வைத்தாள்,
மனு வேறு மேசைக்குப் போயிற்று.
என்னிடம் கேட்டது ஒன்றுதான்:
“ஏட்டுல எங்கன இருக்காக?”
காட்டினேன்.
மை துடைக்காத பெருவிரலை
அந்த வெறுங்கட்டத்தில் வைத்தாள்.
வைத்து, கொஞ்சநேரம் எடுக்கவில்லை.

எடுத்தபோது பதினெட்டும் இருபதும் சேர்ந்து நீலம்.
பதினெட்டு, கரையேறிச் சங்காயம் கொட்டிவிட்டுத்
தூங்கப் போன படகு.
இருபது, வலை பொத்திக்கொண்டிருந்த படகு.
ஏழுக்குள் விரல் அடங்கவில்லை.

குனிந்து பார்த்தேன்.
ஒன்றையொன்று தொடாத ரேகைகள்,
ஒரே இடைவெளி,
போய், சுழித்து, திரும்பி வந்திருந்தன.
குறுக்கே ஒரு தழும்பு,
நண்டு உடைக்கும் கம்பெனியில் பட்டதாயிருக்கும்.

“ஆடிட் வரும், கிழித்துவிட்டு வேறு எழுது.”
புதுத்தாளில் ஸ்கேலை வைத்தேன்.
ஏழில் கை நிற்கவில்லை.
பத்து, பதினைந்து, இருபத்திரண்டு.
இப்போது ஒரு பெருவிரல் படுக்கலாம்.
ஆனால் பக்கத்துக்குப் பதினோரு படகுதான்.
தாளுக்கு எங்கே போவது?
சனிக்கிழமைக்கு மறுபடி ஏழிலேயே போட்டேன்.

ஞாயிறு இரவு எட்டே காலுக்கு போன் வந்தது.
எஞ்சின் நின்று, காற்றோடு போய்,
தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒதுங்கி,
கயிறு கட்டி இழுத்து வருகிறார்களாம்.
ஆள் நாலும்.

அலுவலகத்தைத் திறந்து விளக்கைப் போட்டேன்.
வந்த நேரம் எழுத வேண்டும்.
மையின்மேல் மை எழுதினேன்,
எனக்கே தெரியவில்லை.

ஆடிட்காரர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்:
பத்தொன்பது வந்துவிட்டது ஐயா,
பதினெட்டும் இருபதும் சாட்சி.