படி

தேவகோட்டை முன்சீப் கோர்ட்டில்
படி எடுக்கிறவன் நான்.
தீர்ப்பு யாருடையதோ,
எழுத்து என்னுடையது.

ஆவுடைநாயகம் பிள்ளை மாற்றலாகி வந்த ஆனியில்
சிவில் ஜெயிலில் ஒன்பது பேர்.
திருடவில்லை, யாரையும் வெட்டவில்லை,
புரோநோட்டில் பெருவிரல் வைத்தவர்கள்.
உள்ளே போட்டவர் தினம் இரண்டணா கட்டவேண்டும்
அவர்கள் சாப்பாட்டுக்கு.
அதற்கும் பெயர் படிதான்.

ராத்திரிகளில் அவர் ஒரு சட்டம் எழுதினார்.
கடனுக்குச் சிறை கூடாது என்று தொடங்கி
இருநூற்றுப் பன்னிரண்டு பிரிவுகள்.
டவாலிக்கும் புரியவேண்டும் என்று
'மேற்படி'யை எல்லாம் அடித்தார்.
மூன்றுமுறை எழுதினேன். லாந்தர்ப் புகையில்
மூக்குத்துளை கறுத்தது.
சென்னைக்கு ரிஜிஸ்டர் தபால்.
பதினாலு மாதம் கழித்து ஒரு கார்டு:
கிடைத்தது.

அதுவரைக்கும், அதற்குப் பிறகும்,
வாரண்டுகளில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.
இதை விட்டுவிட்டுச் சொன்னால் பொய்.
போட்டதும் எழுந்து கை கழுவப் போவார்,
மை படாத நாளிலும்.

கண்டனூர்ச் செக்காட்டி குருந்தன்.
மாடு செத்துவிட்டது,
மாட்டுக்கடன் சாகவில்லை.
பழ.கரு.வயி. வகையறாவுக்காக
ஏஜெண்டு வந்து இரண்டணாவை
மேசைமேல் வைத்தார்.
பிள்ளை அதைத் தொடவில்லை.
'உங்கள் முதலாளி வீட்டில்
வேலையாட்களுக்கு என்ன சாப்பாடு?'

ஏஜெண்டுக்கு முகமெல்லாம் பெருமை.
எங்கள் வீட்டிலா? என்று விரல் மடக்கினார்.
சம்பாச் சோறு, பருப்பு, நெய் ஒரு கரண்டி,
கத்தரிக்காய்க் கூட்டு, மோர், அப்பளம்,
ராத்திரிக்கு இடியாப்பம்.
'எழுதும்' என்றார் பிள்ளை என்னைப் பார்த்து.
'இதுவே போதுமான உணவு என்று
வாதி தரப்பே ஒப்புக்கொண்டபடியால்
ஆளுக்குத் தினம் ஒன்பதணா.'

அந்தப் பக்கம் மட்டும்
என் கையெழுத்து ஆடியிருக்கும்.

ஏஜெண்டு பேசவில்லை. உதடு அசைந்தது.
ஆறு மாதத்துக்கு
நூற்றொரு ரூபாய் நாலணா.
கடன் நூற்றிருபது.
கணக்குத் தெரியாதவன் இந்தப் பக்கத்தில் பிறப்பதில்லை.
இரண்டணாவை எடுத்து
மடியில் முடிந்துகொண்டு போனார்.

ஐப்பசி அடைமழைக்குள் ஒன்பது பேரும் வெளியே.
மதுரைக்கு அப்பீல் போய்
ஏழணாவாய்க் குறைந்து வந்தது,
பிள்ளைக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்த அதே வாரம்.
பெட்டி வண்டியில் ஏறியபின்
'இருநூற்று நாலாம் பிரிவில் ஒரு கால்புள்ளி
தப்பாக விழுந்திருக்கிறது' என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

போன சந்தையில் குருந்தனைப் பார்த்தேன்.
கடன் இன்னும் தீரவில்லையாம்,
மாதம் ஒன்றரை ரூபாய் கட்டுகிறானாம்.
கடலைப்பிண்ணாக்கு விலை பேசிக்கொண்டிருந்தவன்
திடீரென்று கேட்டான்:
'அந்த ஒன்பதணாச் சோற்றை
ஒரு வேளைகூட நான் தின்னலையே சாமி.
அன்னைக்கே விட்டுட்டாங்க.
என்னென்ன எழுதியிருந்துச்சு அதுல?'

சொன்னேன். எனக்கு மனப்பாடம்.
அப்பளத்தை
இரண்டாம் தரம் சொல்லச் சொன்னான்.