நேராக வந்தது

வால்திவியாவில் ஜூலை. ஒன்பதாம் நாளாக மழை.
மேசையில் ஒத்திலியா,
ஆற்றங்கரைச் சந்தையில் மீன் விற்பவள்.
தைராய்டின் வலப்பக்கம் எலுமிச்சையளவு கட்டி.
கையெழுத்துப் போடும்போது ஒன்றுதான் கேட்டாள்:
"குரல் போயிடாதே, டாக்டர்?
கடற்சிங்கங்களைக் கத்தித்தான் விரட்டுகிறேன்.
கல்லெறிந்தால் அபராதம்."

நூற்றில் ஒருவருக்கு, என்றேன்.
அப்படிச் சொல்லும்போது
எதிரில் இருப்பவர்தான் அந்த ஒருவர் என்று
எந்த மருத்துவரும் நினைப்பதில்லை.

தோலை விலக்கி, தசையை விலக்கி
நரம்பைத் தேடினேன்.
எனக்குத் தெரிந்த பாதை இது:
பெருநரம்போடு கழுத்தைத் தாண்டி இறங்கும்,
குரல்வளையை விட்டு விலகிப் போகும்,
தோளுக்குப் போகும் தமனியின் அடியில் புகுந்து
வளைந்து
மூச்சுக்குழலை ஒட்டி மறுபடி மேலேறும்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் பிறவி.

அந்தப் பள்ளத்தில் கொழுப்பு இருந்தது.
நிணநீர் முடிச்சு ஒன்று இருந்தது.
நரம்பு இல்லை.

பத்து நிமிடம். இருபது.
மயக்க மருந்து பார்க்கும் யெஸ்ஸேனியா
ரேடியோவைத் தணித்தாள்.
நான் கேட்கவில்லை. என் தோளைப் பார்த்திருப்பாள்.

குறுக்கே ஒரு வெள்ளை நூல் ஓடியது,
ரத்தக்குழாய் போல, உபயோகமற்றது போல.
அதைக் கட்டி வெட்டிவிட்டால் வழி திறந்துவிடும்.
இடுக்கியைக் கையில் வாங்கினேன்.

வாங்கிய கை நின்றது ஏன் என்று
இன்றுவரை சரியாகத் தெரியவில்லை.
கான்செப்சியோனில் ஒரு குளிர்காலம் முழுக்க
இறந்தவர்களின் குரல்வளைகளைப் பிரித்திருக்கிறேன். பதினேழு.
ஒன்றில் நரம்பு உள்ளே நுழையுமுன்பே மூன்றாகியிருந்தது.
ஒன்றில், குருத்தெலும்பு இரண்டுக்கு நடுவே
அரிசி நீளத்தில் ஒரு தசை, வலப்பக்கம் மட்டும்.
இடப்பக்கம் அதற்கு ஜோடி இல்லை.
ஒரு தச்சருடையது.
எழுபத்தொன்பது வருடம் அதை வைத்துக்கொண்டு
இருமியிருக்கிறார், விலை பேசியிருக்கிறார்,
யாரையாவது கெஞ்சியும் இருப்பார்.
அப்படியொன்று இருப்பது அவருக்கும் தெரியாது.
பாடநூல் படத்தோடு பொருந்தியவை எத்தனை?
இரண்டு. அதில் ஒன்று சந்தேகம்.

இடுக்கியைத் திருப்பிக் கொடுத்தேன்.
மின்தூண்டியின் முனையால் நூலைத் தொட்டேன்.
கருவி கத்தியது.
உறங்கும் ஒத்திலியாவின் குரல்நாண்
உள்ளே ஒருமுறை துள்ளியது,
எந்தச் சொல்லும் இல்லாமல்.

அதுதான்.
எங்கும் சுற்றாமல்
பெருநரம்பிலிருந்து நேராக வந்து சேர்ந்திருந்தது.

காரணம் அவள் பிறக்கும் முன்பே நடந்தது.
வலக்கைத் தமனி முறைப்படி முளைக்காமல்
கடைசியாக, இடப்பக்கத்திலிருந்து கிளம்பி
உணவுக்குழாயின் முதுகோடு கடந்து
தோளுக்குப் போய்விட்டது.
கொக்கி இல்லாத இடத்தில் நரம்பு எதில் மாட்டும்?

கையுறையைக் கழற்றும்போது நினைவு வந்தது,
சேர்க்கைப் படிவத்தில் என் கையெழுத்து:
மெதுவாகச் சாப்பிடுவார். பழக்கம்.
பக்கத்திலிருந்த கணவர் நிகானோர் சிரித்தார் அன்று:
"இவள் ஒரு ரொட்டியை விழுங்குவதற்குள்
நான் படகைக் கழுவிவிட்டு வருவேன்.
முப்பத்தொரு வருடமாக."
நானும் கூடச் சிரித்தேன்.
முப்பத்தொரு வருடமாக
ஒரு தமனி பின்னாலிருந்து அழுத்திக்கொண்டிருந்தது.
பழக்கம் என்று எழுதினேன்.

மறுபரிசோதனைக்கு அவள் வரவில்லை.
மூன்றாம் வாரம் நானே சந்தைக்குப் போனேன்.
பார்க்குமுன் கேட்டேன்.
சியெர்ரா, கோங்ரியோ என்று
கூரைத் தகரத்தில் மோதித் திரும்பியது குரல்.

மீன் சுற்றும் தாளில் படம் வரைந்தேன்.
ஈரத்தில் மை பரவி
தமனியும் நரம்பும் ஒன்றாகிவிட்டன.
கத்தியைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அப்போ, நான் வேணும்னு மெதுவா சாப்பிடலை?"
"இல்லை."
"எழுதித் தருவீங்களா?"
தாளின் ஓரத்தில் எழுதினேன், தேதியோடு.

அவள் திரும்பி
"நிகானோர்!" என்று ஒரு சத்தம் போட்டாள்.
படகுத்துறை வரை தலைகள் திரும்பின.
தண்ணீரில் ஒரு கடற்சிங்கம் சட்டென முங்கியது.

எனக்கு ஒரு சியெர்ரா எடுத்து நிறுத்தாள்.
முழு விலை வாங்கினாள்.