தள்ளி

ரோலாவில், சலூனுக்கும் மொபைல் கடைக்கும் நடுவில்
நான் உட்காரும் டைப்பிங் சென்டர்.
விசா, வாடகை, பிறப்பு, கல்யாணம்
எதுவானாலும் பதினைந்து திர்ஹம்.
பிழை உங்களுடையதென்றால்
திருத்தத்துக்கு மேலே ஐந்து.

இன்று காலை ஒரு காதில் மட்டும் இயர்போன்.
டெல்லியில் அரசு வக்கீல் தொண்டையைச் செருமுகிறார்.
முன்பொருமுறை, கோர்ட்டே தீர்மானிக்கட்டும் என்றார்கள்.
பிறகு, நம் பண்பாட்டிலேயே இது கிடையாது.
பிறகு, இது பார்லிமென்ட் பார்க்கவேண்டிய வேலை.
இன்றைக்கு, கமிட்டி ஒன்று போடலாம்,
ரேஷன் கார்டு, பேங்க் கணக்கு
இந்த மாதிரிச் சில்லறைகளை அது பார்க்கும்,
அந்தச் சொல் மட்டும் வேண்டாம்.

எதிரே ஒரு மலப்புறத்துக்காரர்
மனைவியைக் கூப்பிட்டுக்கொள்ள விண்ணப்பிக்கிறார்.
அம்புக்குறியைத் தட்டினால்
ஒன்பது உறவுகள் வரிசையாகத் தொங்கும்.
உறவு? என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.
அவருக்கு வெட்கம் வந்தது.

அரசைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாயில்லை.
இன்னாசியின் கம்பெனி ஃபாரத்தில்
'அவசரத்துக்கு அழைக்க' என்ற கட்டத்தில்
முதல் வருஷம் நான் அத்தை மகன்.
அவன் பெர்னாண்டோ, நான் குருவப்பன் மகன்,
எச்.ஆர். புருவத்தைத் தூக்கினாள்.
அடுத்த வருஷம் ஊர்க்காரன்.
இடிந்தகரையிலிருந்து அவன் அம்மா வீடியோவில் வந்தால்
ரூம்மேட், அதுவும் பழைய ரூம்மேட்.
வாடகைக்கு வரும் பெஷாவர் கானுக்கு
ஷிஃப்ட் பார்ட்னர்: ஒரே கட்டில்,
அவனுக்குப் பகல், எனக்கு ராத்திரி, ஆளுக்குப் பாதி.
நான் எழுந்த சூட்டில் அவன் படுப்பான்,
மீன் மார்க்கெட் ஐஸ் கிடங்கிலிருந்து விறைத்து வந்து.
எங்கள் நிலைப்பாட்டை மாற்ற
ஒரு பிரமாணப் பத்திரமும் தேவைப்பட்டதில்லை.

ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு அறைக்குப் போனேன்.
ஆறு கட்டிலில் ஐந்து காலி.
திரைக்குள்ளிருந்து, கண்ணைத் திறக்காமல்,
என்னாச்சுல, என்றான்.
தள்ளிட்டாங்க.
தள்ளுபடியா?
இல்ல, தள்ளி வச்சிருக்காங்க. ஜூலைக்கு.
கவர்மென்ட் டைம் கேட்டிருக்கு.

ம், என்றான்.
சுவர்ப் பக்கமாகத் தள்ளிப் படுத்தான்.

நாலு மணிக்குக் கடை திறக்கவேண்டும்.
அலாரத்தை மூன்றே முக்காலுக்கு வைத்தேன்.