அளவு முப்பத்தேழு

கிடங்கில் நாற்பதுக்குக் கீழே பூட்ஸ் இல்லை.
இல்லை என்று சொல்லிச் சொல்லி
எனக்கு நாக்கு தேய்ந்திருக்கிறது.
நார்வேயின் வடகோடி;
நவம்பர் கடைசியில் சூரியனே விடுப்பில் போய்விடும்.
பதினேழு வருடமாக இந்தக் கம்பிவலைக்கு இந்தப்புறம் நின்று
கொடுக்கிறேன், வாங்குகிறேன்,
கையெழுத்து எங்கே என்று விரலால் காட்டுகிறேன்.

அந்த அக்டோபரில் வரிசையில் ஒன்பது பெண்கள்.
"முப்பத்தேழு" என்றாள் ஒருத்தி.
பட்டியலில் தூர்டிஸ் என்றிருந்தது.
நாற்பதைத் தள்ளினேன்.
"ரெண்டு காலுறை போட்டுக்கொள்."
அவள் மூன்று போட்டாள்.

முதுகுப்பையின் இடுப்புப் பட்டை
கடைசித் துளைவரை இழுத்தும் நழுவியது.
கூடுதலாக ஒரு துளை போட
ஒஸ்லோவிலிருந்து அனுமதி வர வேண்டும்.
அவள் கூடார ஆணியைக் காய்ச்சி
இரண்டு போட்டாள்.
நைலான் கருகிய நாற்றம்
என் மேஜைவரை வந்தது.
அரசுப் பொருளுக்குச் சேதம் என்று குறிப்பேட்டில் இருக்கிறது.
எழுதியது நான்தான்.

இன்னொன்றும் செய்தேன்.
மூன்றாம் நாளே
ஒன்பது பேருக்கும் பொருள் திருப்பும் படிவத்தில்
பெயரும் எண்ணும் நிரப்பி
தேதியை மட்டும் காலியாக விட்டு
இழுப்பறையில் அடுக்கினேன்.
நாளைக்கு வேலை மிச்சம் என்றேன்,
யாரும் கேட்காதபோதே.

முதல் மாதம் நான்கு படிவம் போயிற்று.
ஆண்களில் இருபத்தாறு பேர் போனார்கள்.
அவர்களுக்கு முன்கூட்டி எழுதிவைக்கவில்லை;
ராத்திரியெல்லாம் எழுதி
விரல் வீங்கியது.

ஜனவரியில் ஏரிமேல் ரம்பம் ஓட்டி
சவப்பெட்டி அளவுக்குப் பனியை அறுத்தெடுத்தார்கள்.
கம்பளிகளைச் சுமந்து நானும் போயிருந்தேன்.
நெற்றி விளக்குகளின் வெளிச்சம்,
கறுப்புத் தண்ணீர்.

சறுக்குக் கட்டைகளோடு விழ வேண்டும்.
தலை மூழ்கி எழ வேண்டும்.
பெயர் சொல்லி, எண் சொல்லி,
வெளியே வர அனுமதி கேட்க வேண்டும்.
குழறினால் முதலிலிருந்து.
ஆறரை அடி ஆள் ஒருவன்
தன் பெயருக்குப் பதில்
நாயின் பெயரைச் சொன்னான்.

தூர்டிஸ் விழுந்தாள்.
எழுந்தாள். பெயர் சொன்னாள். எண் சொன்னாள்.
பிறகு பேசாமல் இருந்தாள்.
அவளுக்குக் குளிரவில்லை என்றால் அது பொய்;
பற்கள் தந்தியடித்தது எனக்கே கேட்டது.
பயிற்சியாளர் குனிந்தார்:
"அனுமதி?"
"யோசிக்கிறேன்" என்றாள்.

கரையில் சிரித்தது மாரெத்,
அடுத்து விழ வேண்டியவள்.

பத்துவரை எண்ணியிருப்பேன்.
பிறகுதான் கேட்டாள்,
பக்கத்து வீட்டில் உப்பு கேட்பதுபோல.

கம்பளியை நீட்டினேன்.
வாங்காமல்
முதலில் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தாள்.
முப்பத்தேழுக்கும் நாற்பதுக்கும்
நடுவே கிடந்த ஏரி
என் காலடியில் கொட்டியது.

மார்ச்சில் இன்னும் இரண்டு படிவம்.
சுன்னிவா திருப்பித் தந்த தூக்கப்பை
ஒழுங்காக மடித்திருந்தது, உலர்ந்திருந்தது.
தேதியைத் தானே எழுதுவதாகப் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

ஜூனில் இரவே இல்லாத ஒரு ராத்திரி
மூன்று பெண்கள் தொப்பி அணிந்தார்கள்.
நான் பின்வரிசையில்;
கிடங்குக்காரனுக்கு அங்கேதான் இடம்.

இழுப்பறையில் மூன்று தாள் மீதி.
கிழிக்கலாமென்று எடுத்தேன்.
தாளுக்கும் கணக்கு உண்டு.
திருப்பினால் பின்பக்கம் வெள்ளை.
அதில் எழுதினேன்:

பூட்ஸ், முப்பத்தேழு, பன்னிரண்டு ஜோடி.
முப்பத்தெட்டு, பன்னிரண்டு.
இடுப்புப் பட்டை, குட்டையானது.

காரணம் என்று போட்டு
பேனா நெடுநேரம் நின்றது.
'கேட்கிறார்கள்' என்று எழுதினேன்.
அடித்தேன்.
'இருக்கிறார்கள்' என்று எழுதினேன்.

ஒஸ்லோவிலிருந்து பதில் இல்லை.
அக்டோபருக்கு இன்னும் பதினொரு நாள்.
என் காசில் ஒரு குத்தூசி வாங்கி
மேஜைமேல்,
கைக்கு எட்டுகிற பக்கம்
வைத்திருக்கிறேன்.
அவர்கள் கைக்கு.