இடப்பக்க ஜன்னல்

முந்நூற்று ஐம்பது ரூபாய், இருக்கைக்கு மட்டும்.
கம்பெனி தராது; என் கைக்காசு.
மதுரைக் கிளையில் தணிக்கை முடிந்த இரவு
லாட்ஜ் கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்து
போனில் அந்தச் சின்னக் கட்டங்களைப்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

ஜெனோவா சொல்லியிருந்தாள்:
"பதினொண்ணு எடுத்துடாதே, சில பிளேன்ல
அங்க ஜன்னலே இருக்காது, வெறும் சுவர்.
இருபதுக்கு முன்னாடின்னா றெக்கை மறைக்கும்.
மெரினா பாக்கணும்னா வலப்பக்கம், எஃப்.
எல்லாரும் அதைத்தான் எடுப்பாங்க."

எனக்கு மெரினா வேண்டாம்.
ஆதம்பாக்கத்தில் ஒன்பது வருஷமாக
விமானங்களின் அடிவயிற்றை மட்டும் பார்த்து
குக்கர் விசிலின் கணக்கைத் தவறவிடுகிறவள் நான்.
ஒரே ஒரு தடவை
மேலேயிருந்து என் மொட்டைமாடி தெரிய வேண்டும்.
அதற்கு இடப்பக்கம். இருபத்து நாலு ஏ.

ஆடி மாதம். ஒரு மாதமாகக் கவனித்து வைத்திருக்கிறேன்:
மேல்காற்று அடித்தால் கடல் வழியே வந்து
எங்கள் தெருவின் மேல் தாழ்ந்து இறங்கும்.
கீழ்வீட்டு ஃபரீதாவிடமும் சொல்லியாயிற்று.
"நாலே முக்காலுக்கு. மஞ்சள் போர்வை. மறந்துடாதே."
"பைத்தியமாடி உனக்கு?" என்றாள்.
அப்புறம், "ரெட்டைப் போர்வையா, ஒத்தையா?"

பக்கத்து இருக்கைக்காரர் மடியில் ஹெல்மெட்டோடு
ஓடுபாதையிலேயே தூங்கிவிட்டார்.
நான் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி
கடல் வரும் என்று காத்திருந்தேன்.
வரவில்லை.
விமானம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது.
என் ஜன்னலில் வெறும் வானம்,
முந்நூற்று ஐம்பது ரூபாய்க்கு.
இன்றைக்கென்று பார்த்துக் கடற்காற்று
மதியமே கரையேறிவிட்டிருக்கிறது;
ஊரின் முதுகுப்பக்கமாகக் கொண்டுபோகிறார்கள்.

நிமிர்ந்தபோது கீழே ஓர் ஏரி.
ஏரி என்றால், ஜன்னல் முடிந்தும் முடியாத ஏரி.
விளிம்பெல்லாம் வெடித்த சேறு.
கரையோரம் ஓர் எருமை, அல்லது பாறை.
செம்பரம்பாக்கம்.
நான் குடிப்பது. குளிப்பது. அரிசி களைவது.
அந்த டிசம்பரில் ஜாபர்கான்பேட்டைக்குள் புகுந்து
ஃபரீதாவின் தையல் மெஷினைக் குப்புறத் தள்ளி
கல்யாண ஆல்பத்தைக் கூழாக்கியதும்
இதன் தண்ணீர்தான்.
இப்படி ஒருக்களித்துப் படுத்திருக்கும் என்று
நான் நினைத்ததே இல்லை.
அதன் பக்கத்திலிருந்து நூல் கனத்தில் ஓர் ஆறு
குன்றத்தூர்க் குன்றுக்கு வழிவிட்டு
எங்களோடு கூடவே கிழக்கே வந்தது,
அதற்கும் அந்தத் தெரு தெரியும் என்பதுபோல.

சக்கரம் தரை தொட்டு, போனுக்கு உயிர் வந்ததும்
ஃபரீதா, மூச்சிரைக்க:
"பாத்தியா? ரெண்டு கையாலயும் ஆட்டினேன்.
என்னா சத்தம்!
ஆனா ஏறிப் போற மாதிரி இருந்துச்சே?"

ஏறித்தான் போயிருக்கும்.
அந்தமானுக்கோ கல்கத்தாவுக்கோ,
எந்தப் பக்கம் என்று யோசிக்காமல் உட்கார்ந்த யாரோ
ஒரு பெண் மஞ்சள் போர்வை வீசித்
தன்னை வழியனுப்புவதைப் பார்த்திருக்கலாம்.
கையைக்கூட அசைத்திருக்கலாம்.

ஏரியைப் பற்றி வாய் வரைக்கும் வந்தது.
"பாத்தேன்" என்றேன். "ஒத்தைப் போர்வைதானே?"
"இல்லடி, ரெட்டை. மடிச்சுப் பிடிச்சிருந்தேன்.
ஓரத்துல காக்கா எச்சம், அதுவும் தெரிஞ்சுதா?"

ஹெல்மெட்காரர் கண் விழித்து
"வந்துடுச்சா?" என்று என்னிடம் கேட்டார்.