நூற்றுக்கு இருபது

பரந்தன் சந்தி தாண்டி
முல்லைத்தீவு வீதியில் ஒன்றரைக் கட்டை போனால்
புஷ்பராசாவின் அரிசி மில்.
அதன் பின்னால் ஒரு மலை.
வன்னியில் மலை ஏது என்பீர்கள்.
இருக்கிறது, சாம்பலில்.

கச்சான் அடிக்கிற மாதங்களில்
அது எழும்பி நடக்கும்.
றெஜினா அக்கா தோய்த்துக் காயப்போட்ட பள்ளிச் சட்டைகள்
மத்தியானத்துக்குள் மழைமுகில் நிறம்.
பிரதேச சபைக்கு அவ எழுதின முறைப்பாடு ஏழு.
எட்டாவதை என்னிடம் தந்தா:
"நீதானே அங்க சாம்பல் அள்ளப் போறனீ,
முதலாளியின்ர கையில குடு."

அள்ளப் போனது உண்மைதான்.
மூன்று சாக்கு, வாய்க்கு ஒரு சீலைத்துண்டு,
மெல்லிய கண்ணுள்ள அரிதட்டு.
உமி எரிந்தால் மிஞ்சுவது
மணலுக்கு ஒன்றுவிட்ட தம்பி, சிலிக்கா.
இரணைமடுத் தண்ணீர் குடித்து
நெல் தன் தோலுக்குள் ஒளித்துவைத்த கண்ணாடி.

றப்பர் தெற்கிலிருந்து வரும்.
கேகாலை லொறி. புகையூட்டிய சீற்,
கருவாடும் விறகும் கலந்த மணம்.
விமலசேனவுக்குத் தமிழில் எண்கள் மட்டும் தெரியும்,
எனக்குச் சிங்களத்தில் விலை மட்டும்.
அது போதும்.

றப்பர் நூறு பங்கு.
துத்தநாக ஒக்சைட் ஐந்து, கந்தகம் இரண்டரை.
பிறகு சாம்பல்.
கணக்குக் கொப்பியில் அதன் பெயர் நிரப்பி.
நிரப்பி என்றால்
ஒன்றுமில்லாததற்குப் பதிலாய் ஏதோ ஒன்று,
அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.
படிவம் நிரப்பி, படிவம் நிரப்பி
வளர்ந்தவள்.

முதல் தடவை அறுபது பங்கு போட்டேன். பேராசை.
உருளையிலிருந்து எருமைத்தோல் இறங்கியது;
வளைத்தேன், பிட்டாய் உதிர்ந்தது.
நாற்பதில் கிழிந்தது.
கிழிந்த வாய்க்குள் சாம்பல் பொட்டுகள்,
சரியாக அரிக்காத கட்டிகள்.
"திருநீறு எண்டு வித்தாலும் லாபம் அக்கா"
என்றான் யோகச்சந்திரன்.
அவனை இரண்டு நாள் அரிக்க வைத்தேன்.

இருபதில் பிடித்தது.
எப்படிச் சொல்ல,
இழுத்தால் திருப்பி இழுத்தது.
கையகலத் துண்டு, என் முழுப் பலம்,
அறவில்லை.
அது எதையும் நிரப்பவில்லை.
நடுவில் நின்று
இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கலவையில் ஒரு சோடி றோலர் வார்த்தோம்.
நெல்லில் உமி கழற்றும் றோலர்,
புஷ்பராசாவின் மில்லுக்கே.
உமியின் சாம்பல்தான் இனி உமியை உரிக்கும்
என்று நான் பெருமையாய்ச் சொன்னபோது
அவர் கேட்டது ஒன்றே ஒன்று:
"எத்தினை மூட்டை தாங்கும்?"

சீனத்து றோலர் ஆயிரம் தாங்கும்.
எங்களுடையது எழுநூற்றி இருபதில் வழுக்கையானது.
விலையில் பாதியை வெட்டினார்.
சரி என்றேன்.
சொல்லும்போது பல்லிடுக்கில் சாம்பல் நெருடியது.

மாதத்துக்கு மூன்று சாக்கு எடுக்கிறோம்.
மில் ஒரே இரவில் கொட்டுவது முப்பது.
நாங்கள் வந்துபோவது
மலைக்குத் தெரியவே தெரியாது.
றெஜினா அக்காவின் ஒன்பதாவது முறைப்பாட்டில்
என் பெயரும் இருக்கிறது,
கிடந்த சாம்பலைக் கிளறிவிடுகிறேனாம்.

நேற்று அள்ளும்போது வேறொரு மணம்.
குனிந்து மோந்தேன். எரிந்த றப்பர்.
தேய்ந்த றோலரின் தூள் உமியோடு விழுந்து,
உமியோடு எரிந்து,
எங்கள் சாக்குக்கே திரும்பிவந்திருக்கிறது.
முதலில் சந்தோசம்.
பிறகு ஒரு கேள்வி:
தேய்ந்ததெல்லாம் உமியோடுதான் போனதா,
கொஞ்சம் அரிசியோடும் போனதா?

புஷ்பராசாவிடம் கேட்கவில்லை.
இரவு சோற்றில் கை வைத்தபோது
ஒரு பருக்கையை விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்தேன்.
வெள்ளை.
இன்னொன்றையும் பார்த்தேன்.