இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மகள் வண்டியில் விட்டுப்போன புத்தகம் அது.
அட்டையில் ஒரு பெண் முதுகு காட்டி நிற்கிறாள்,
எதிரே புகையும் கோபுரங்களும்.
இந்த வகைப் புத்தகங்களில் யாரும்
முகம் காட்டி நிற்பதில்லை போலும்.

கிருனாவில் ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
பனியள்ளும் வண்டியைப்
பழைய பேருந்து நிலையத்தின் ஓரம் நிறுத்தி
பிளாஸ்க் காப்பி ஆறுவதற்குள்
நாலு பக்கம் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன்.
நாற்பத்தாறு வயது எனக்கு.
கடைசியாக முழுதாகப் படித்தது
இந்த எஞ்சினின் கையேடு.

உப்புச் சுவர் சூழ்ந்த ஒரு நகரம்.
அந்தியில் சங்கு ஊதினால் கதவுகள் தாமே பூட்டிக்கொள்ளும்.
மாதம் ஒரு தெரு காணாமல் போகிறது.
தெரு என்றால் வீடு, விளக்குக் கம்பம், நாய் எல்லாமும்.
மறுநாள் காலை
அங்கே எதுவும் இருந்ததே இல்லை என்கிறார்கள் எல்லோரும்.
பதினாறு வயது இஸ்கா மட்டும்
கையில் ஒரு சாவியோடு நிற்கிறாள்,
அதன் பூட்டு இருந்த தெருவைத் தேடி.

சிரிப்பு வந்தது.
ஒரு தெருவை அப்படி முழுங்க முடியுமா என்று
கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்த்தேன்.
போன வருஷம் இங்கே ஒரு மருந்துக்கடை இருந்தது.
பக்கத்தில், நான் முதன்முதலில் முடிவெட்டிக்கொண்ட கடை.
இப்போது வேலி. வேலிக்கு அப்பால் பனி.
அடியில் இரும்பு தோண்டுகிறார்கள், மேலே ஊர் நகர்கிறது.
இதில் மர்மம் ஒன்றுமில்லை,
எல்லாம் தபாலில் வந்த தாள்களில் இருக்கிறது.

ஒன்றேகாலுக்கு வழக்கம்போல் சுரங்கத்தில் வெடித்திருப்பார்கள்.
காப்பியில் வட்டங்கள் விழுந்திருக்கும்.
நான் பார்க்கவில்லை.
இஸ்கா கழிவுநீர்க் குழாய்க்குள் தவழ்ந்துகொண்டிருந்தாள்,
பின்னால் டார்ச் வெளிச்சம்.

வெண்ட்லா ஏன் சாப்பாட்டு மேசையில்கூட
இதை மூடுவதில்லை என்று இப்போது புரிகிறது.
ஓட்டம் ஒரு காரணம், இருக்கட்டும்.
இதில் ஒருத்தி கேட்கிறாள்.
கேட்டதற்காகத் துரத்தப்படுகிறாள்.
ஆனாலும் அவள் கேட்டது சரியான கேள்விதான் என்று
யாரோ ஒருவர் கதவிடுக்கில்
துண்டுச்சீட்டைச் செருகிவிட்டுப் போகிறார்.
எங்கள் வீட்டில் அவள் கேட்டால்
முதலில் சூப்பைக் குடி என்போம்.

இருநூற்றுப் பன்னிரண்டில் ஒரு பென்சில் கோடு.
அடுத்து அழியப்போகும் தெருக்களின் பட்டியலை
இஸ்காவின் அப்பா வைத்திருக்கிறார்,
காலணிப் பெட்டிக்குள், முதல் அத்தியாயத்திலிருந்தே.
ஓரத்தில், கோழி கிளறியதுபோல் என் மகளின் எழுத்து:
நம்முடையது கருவிப்பெட்டியில்.

கருவிப்பெட்டி என் காலடியில்தான் இருந்தது.
ஸ்பானர்களுக்குக் கீழே நவம்பரில் வந்த கடிதம்,
எங்கள் தெருவின் பெயர், ஒரு தேதி.
தேர்வு முடியட்டும் என்று நினைத்திருந்தேன்.
இஸ்காவின் அப்பாவும் ஏதாவது முடியட்டும் என்றுதான் நினைத்திருப்பார்.
எழுதியவர் அவருக்கு அரைப்பக்கம்கூடக் கொடுக்கவில்லை.

அன்று பாதி ஊருக்குப் பனி அள்ளப்படவில்லை.
புகார் வந்தது. வரட்டும்.

காலையில் அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.
புத்தகத்தை மேசையில் வைத்தேன்.
"எதுவரைக்கும் படிச்சீங்க?"
"சாவி உடையற இடம்வரை. அந்தச் சங்கை ஊதறது யாரு?"
கத்தியைக் கீழே வைத்தாள்.
"எந்தத் தேதி?"

சொன்னேன். ஆகஸ்ட் பதினொன்று.

ஜன்னலைப் பார்த்தாள்.
வெளிச்சம் வர இன்னும் மூன்று மணிநேரம் இருந்தது.
பிறகு புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.
"யாரும் ஊதறதில்லை. மீதியை நீங்களே படிங்க.
ரெண்டாம் பாகம் நூலகத்துல இருக்கு.
நூலகம் பழைய இடத்துல இல்லை,
தெரியுமில்ல?"